கொள்கலனுக்குள் குடியேறிய கடிதங்கள்



எங்கள் வாப்பாவின் இணையதளம் கடந்த சில மாதங்களாகப் புதிய வழங்கி ஒன்றிலிருந்து இயங்கி வருகிறது. அதை இடம் மாற்றியதும் நிறுவியதும் பிள்ளைகளாகிய நாங்கள் இருவருமே. எங்களில் மூத்தவர் ஷார்ஜாவில் கணக்கர். இளையவர் சென்னையில் பள்ளி ஆசிரியை. கணினித் துறையில் பட்டம் பெற்றவர் எவரும் எங்கள் வீட்டில் இல்லை. ஆதலால் "எப்படிச் செய்தீர்கள்?" என்று உறவினர் பலரும் கேட்கின்றனர். குடும்ப ஆவணங்களை இணையத்தில் வைத்திருப்போருக்கு உதவும் என்று எண்ணி, நடந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் அத்தளத்தில் இருப்பது என்ன என்று கூற வேண்டும். எங்கள் பாட்டனார் காயல்பட்டினத்திலிருந்து கொழும்பு சென்று புறக்கோட்டையில் கடை வைத்திருந்தவர். 1938 முதல் 1956 வரை அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் அறுபத்தொன்று எங்களிடம் இருந்தன. அனைத்தும் அரபுத்தமிழில், அதாவது தமிழ்மொழியை அரபு எழுத்தில் எழுதும் முறையில் எழுதப்பட்டவை. அக்காலத்துப் பெண்மக்கள் பலருக்குத் தமிழ் எழுத்தைவிட இந்த எழுத்தே பழக்கமாயிருந்தது. ஆகவே பாட்டனார் தம் மனைவிக்கு அதில் எழுதினார். இன்று எங்கள் குடும்பத்தில் அதைத் தடையின்றி வாசிப்பவர்கள் வாப்பாவும், கொழும்பில் வாழும் எங்கள் மாமியும் மட்டுமே. நாங்கள் எழுத்துக்கூட்டுவோம், அவ்வளவுதான்.

வாப்பா இக்கடிதங்களை ஒவ்வொன்றாகத் தமிழ் எழுத்தில் பெயர்த்துக் குறிப்புகளுடன் தளத்தில் ஏற்றி வந்தார். இருபத்துமூன்று கடிதங்கள் வெளியாகியிருந்தன. மேலும் பதினேழு, முடிவுறாத வரைவுகளாகத் தளத்தின் உள்ளே இருந்தன. மூலக் கடிதங்களில் ஒன்பதைப் பழைய வீட்டு மரப்பெட்டியில் கறையான் தின்றுவிட்டது. அந்த ஒன்பதின் வாசகமும் வாப்பா தட்டச்சு செய்த வரைவுகளில் மட்டுமே எஞ்சியிருந்தது. வாப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. கண் நீர் அழுத்த நோயால் பார்வை ஆண்டுக்காண்டு குறுகி வருகிறது. மிச்சமுள்ள கடிதங்களை வாசித்து முடிக்க அவருக்கு எத்தனை ஆண்டுகள் கண் ஒத்துழைக்கும் என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம்.

இந்நிலையில், தளத்துக்கு இடம் தந்திருந்த நிறுவனம் தன் சேவையை நிறுத்துவதாக மின்னஞ்சல் அனுப்பியது. நாற்பத்தைந்து நாள் அவகாசம். அந்நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டியதில்லை. குறைந்த கட்டணத்தில் ஒரே கணினியில் நூற்றுக்கணக்கானோரைக் குடிவைக்கும் சிறு நிறுவனங்கள் பலவும் இவ்வாறு மூடப்படுவது வழக்கமே.

இன்னொரு நிறுவனத்தில் அதே வகை இடத்தை வாங்கிவிடலாம் என்பதே எங்கள் முதல் எண்ணம். ஆனால் சில ஆண்டுகள் கழித்து இதே மின்னஞ்சல் மறுபடியும் வந்தால்? அப்போது வாப்பாவின் நிலை எப்படியிருக்கும், எங்கள் நிலை எப்படியிருக்கும்? எங்கு வேண்டுமானாலும் தூக்கிச் சென்று அரைமணி நேரத்தில் மறுபடியும் நிறுத்தக்கூடிய அமைப்பு ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தோம். அதற்காகவே லினக்ஸ் வழங்கி ஒன்றை மாத வாடகைக்கு எடுத்து, கொள்கலன் முறையில் வேர்ட்பிரஸ்ஸை நிறுவினோம்.

கொள்கலன் என்றால் என்ன என்று உம்மா கேட்டபோது நாங்கள் கூறிய விளக்கத்தையே இங்கும் தருகிறோம். ஒரு கணினியில் ஒரு மென்பொருளை நிறுவினால், அது தனக்குத் துணையான பல மென்பொருள்களை எதிர்பார்க்கும். ஒன்றுக்குப் பழைய பதிப்பு வேண்டும், மற்றொன்றுக்குப் புதியது வேண்டும். சமையலறையில் இரு மருமக்கள் ஒரே சட்டிக்குப் போட்டியிடுவது போல. கொள்கலனில் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கு வேண்டிய சட்டிபானைகளோடு தனி அறையில் குடியிருக்கும். அடுப்பும் கூரையும் மட்டும் பொது. அந்தப் பொதுக் கூரைதான் லினக்ஸின் கரு. "அப்படியென்றால் தனிக்குடித்தனம், ஆனால் ஒரே வீடு" என்றார் உம்மா. அதைவிடச் சுருக்கமாக எங்களால் சொல்ல முடியவில்லை.

இம்முறையை எளிதாக்கிப் பரப்பிய டாக்கர் என்னும் மென்பொருள் 2013ஆம் ஆண்டு வெளிவந்தது. அதற்கு அடிப்படையான பிரித்து வைக்கும் வசதிகள் லினக்ஸ் கருவில் அதற்கு முன்னரே இருந்தன. வேர்ட்பிரஸ் அதனினும் மூத்தது, 2003இல் பிறந்தது. தரவுகளைச் சேமிக்கும் மரியாடிபி, மைஎஸ்க்யூஎல் என்னும் தரவுத்தளத்திலிருந்து 2009இல் பிரிந்தது. இவ்விரண்டையும் தொடங்கியவர்களுள் முதன்மையான பின்லாந்துக்காரர், மூத்த மகள் 'மை'யின் பெயரை முன்னதற்கும் இளைய மகள் 'மரியா'வின் பெயரைப் பின்னதற்கும் சூட்டினார். வாப்பாவுக்கு இச்செய்தி மிகவும் பிடித்துப்போயிற்று. "கப்பலுக்கு மகள் பேர் வைப்பாங்க, கேள்விப்பட்டிருக்கேன். கணக்குப் பெட்டிக்குமா?" என்றார்.

அமைப்பு முழுவதையும் ஒரே கோப்பில் எழுதிவிடலாம் என்பதே டாக்கர் கம்போஸின் சிறப்பு. எங்கள் கோப்பில் மூன்று கொள்கலன்கள் உள்ளன: முகப்பில் நின்று வருவோரை வரவேற்கும் கேடி என்னும் வலைவழங்கி, நடுவில் வேர்ட்பிரஸ், உள்ளறையில் மரியாடிபி. அறுபது வரிக்கும் குறைவான கோப்பு அது. அதை முதலில் சென்னையிலிருந்த மடிக்கணினியில் ஓடவிட்டுப் பார்த்தோம். பின்னர் அதே கோப்பை வழங்கியில் வைத்து ஓடவிட்டோம். இரண்டிடத்திலும் ஒரே மாதிரி நடந்தது.

சில நுட்பங்களை மட்டும் குறிப்பிடுகிறோம். இவற்றைப் பலரும் கவனிப்பதில்லை. கொள்கலன் நிலையற்றது. அதை அழித்து மீண்டும் உருவாக்கினால் உள்ளே எழுதப்பட்டவை போய்விடும். எனவே தரவுத்தளத்தின் கோப்புகளையும், வாப்பா ஏற்றும் படங்கள் சேரும் அடைவையும் கொள்கலனுக்கு வெளியே, வழங்கியின் வட்டில் வைத்து உள்ளே இணைக்க வேண்டும். படிமங்களைத் தேர்ந்தெடுக்கும்போது 'அண்மைய பதிப்பு' என்று பொதுவாகக் கேட்காமல், பதிப்பு எண்ணைக் குறித்துக் கேட்பது நலம். இல்லையேல் ஒருநாள் காலையில் நாம் அறியாமலே தரவுத்தளம் ஒரு தலைமுறை தாண்டியிருக்கும். நாங்கள் மரியாடிபி 10.11 என்று குறித்தோம். தரவுத்தளக் கொள்கலன் தொடங்கிய கணமே அது பேசத் தயாராக இருக்கும் என்றும் எண்ணக் கூடாது. முதல் முறை அது தன் வீட்டைக் கட்டிக்கொள்ளச் சிறிது நேரம் எடுக்கும். அதற்குள் வேர்ட்பிரஸ் கதவைத் தட்டினால் 'தரவுத்தளத்துடன் இணைய முடியவில்லை' என்ற அறிவிப்புத்தான் வரும். நலச்சோதனை ஒன்றை எழுதி, அது தேறிய பின்னரே வேர்ட்பிரஸ் தொடங்குமாறு செய்தோம்.

இவற்றைவிட முக்கியமானது வாயில்கள் பற்றியது. உபுண்டு வழங்கிகளில் யூஎஃப்டபிள்யூ என்னும் தீச்சுவரை இயக்கிவிட்டு, 'எல்லாம் அடைத்தாயிற்று' என்று நிம்மதியாக உறங்குவோர் உண்டு. டாக்கர் தனக்கான வழிகளைத் தானே திறந்துகொள்ளும். ஒரு கொள்கலனின் வாயிலை வெளியே அறிவித்தால், அத்தீச்சுவரைக் கேளாமலே அது உலகத்துக்குத் திறந்துவிடும். ஆதலால் தரவுத்தளத்துக்கு வெளிவாயிலே வைக்கவில்லை. மூன்று கொள்கலன்களும் தமக்குள் பேசிக்கொள்ள உள்வலை இருக்கிறது. வெளியே திறந்திருப்பவை கேடியின் 80, 443 ஆகிய இரு வாயில்களும், நாங்கள் நுழையும் வாயிலும் மட்டுமே. பாதுகாப்புச் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பிடமிருந்து கேடி தானே இலவசமாகப் பெற்றுத் தானே புதுப்பித்துக்கொள்கிறது. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

நிறுவும் வேலை ஒரே இரவில் முடிந்தது. ஷார்ஜாவில் இஷாவுக்குப் பின் தொடங்கி, சென்னையில் பஜ்ருக்கு முன் புதிய வேர்ட்பிரஸ்ஸின் வெற்றுப் பக்கம் திரையில் தெரிந்தது. உண்மையான சோதனை அதன் பிறகுதான் வந்தது.

பழைய தளத்தின் கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்து தரவுத்தளத்தின் முழுப் பிரதியைப் பதிவிறக்கி, உரைத்தொகுப்பியில் திறந்தோம். தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. தலைமேல் சாய்கோடிட்ட ஓர் ஆங்கில ஏ, அதனை அடுத்து வணிகப் பெயர்களின் அருகே போடுவார்களே வட்டத்துக்குள் ஆர், அக்குறி, பின்பு ஏதோவொரு சின்னம். மறுபடியும் ஏ, மறுபடியும் வட்டம். பக்கம் பக்கமாக இதுவே. வெளியான இருபத்துமூன்று கடிதங்களைப் பழைய தளம் இன்னும் சரியாகவே காட்டிக்கொண்டிருந்தது. அவற்றைக் கையாலாவது நகலெடுக்கலாம். ஆனால் பதினேழு வரைவுகளும் அந்தக் கோப்புக்குள் இருந்தன. கறையான் தின்ற ஒன்பதும் அவற்றினுள்ளேதான். மூடப்பட இன்னும் பத்தொன்பது நாட்களே இருந்தன. அன்று வாப்பா தொலைபேசியில், "வேலை எம்புட்டு முடிஞ்சிது, வாப்பா?" என்று கேட்டபோது மகன், "நடக்குது வாப்பா, இன்ஷா அல்லாஹ்" என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் சொல்ல அவருக்கு நா எழவில்லை.

இக்குழப்பத்தின் காரணத்தை அறிந்துகொள்ள இரண்டு நாட்கள் ஆயின. யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட எழுத்துகள், யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படும். 'தீ' என்பது நம் கண்ணுக்கு ஓரெழுத்து. கணினிக்குத் தகரமும் ஈகாரக் குறியும் சேர்ந்து ஆறு பைட்டுகள். தமிழ் எழுத்து எதுவாயினும் முதல் பைட்டு ஒன்றேதான். பழைய நிறுவனத்தின் தரவுத்தளமோ, தன் அட்டவணைகள் லத்தீன்-1 குறியாக்கத்தில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அக்குறியாக்கத்தில் ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து. ஆகவே தமிழின் முதல் பைட்டை அது சாய்கோடிட்ட ஏ என்று வாசித்தது. இரண்டாவதைப் பெரும்பாலும் வட்டத்துக்குள் ஆர் என்று வாசித்தது. தளத்தின் வழியே பார்க்கும்போது, பைட்டுகள் எவரும் வாசிக்காமலே மூடிய உறையாக வந்து சேர்ந்தன. உலாவி அவற்றைத் தமிழென்று காட்டியது. பிரதியெடுத்தபோதுதான் இடையில் ஒருவர் உறையைப் பிரித்து, தாம் அறிந்த மொழியில் வாசித்து, மறுபடியும் எழுதிவிட்டார்.

இங்கு ஓர் இடைக்குறிப்பு. யூனிகோடுக்கு முந்திய காலத்தில் பாமினி முதலிய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவர்கள் நம்மில் ஏராளம். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்புகளைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரியும். அது வேறு நோய், அதற்கு மருந்தும் வேறு. அவற்றை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் எளிதில் கிடைக்கின்றன. ஜமாஅத் அலுவலகங்களிலும் மதரஸாக்களிலும் உறங்கும் பழைய கோப்புகளை, அவற்றை வாசிக்கத் தெரிந்தோர் இருக்கும்போதே மாற்றிவைப்பது நல்லது.

எங்கள் நோய்க்கு வருவோம். பைட்டுகள் அழியவில்லை, தவறாக வாசிக்கப்பட்டிருந்தன. அப்படியானால் வாசித்தவரைக் கொண்டே அதனைத் திருப்பி வாசிக்கச் செய்ய முடியும். தற்காலிகமாக ஒரு மரியாடிபி கொள்கலனை மடிக்கணினியில் உருவாக்கினோம். பிரதியை அப்படியே அதனுள் ஏற்றினோம். அட்டவணைகள் லத்தீன்-1 என்று அறிவிக்கப்பட்டிருந்தமையால், உள்ளே நுழையும்போது ஒவ்வொரு விசித்திரக் குறியும் தன் பழைய ஒற்றைப் பைட்டுக்குத் திரும்பியது. பிறகு, வெளியே எடுக்கும்போதும் லத்தீன்-1 என்றே கேட்டுப் பிரதியெடுத்தோம். இம்முறை தரவுத்தளம் எதையும் மொழிமாற்றவில்லை. பைட்டுகளை அப்படியே கொட்டியது. அக்கோப்பில் லத்தீன்-1 என்றிருந்த அறிவிப்புகளை யூடிஎஃப்-8இன் முழு வடிவத்துக்கு மாற்றி, மற்றொரு வெற்றுக் கொள்கலனில் ஏற்ற வேண்டும்.

ஏற்றுவதற்கு முன்பே அக்கோப்பைத் திறந்தோம். முதல் திரையில், 'அன்புள்ள மனைவிக்கு எழுதிக்கொண்டது' என்ற வாசகம் இருந்தது. அல்ஹம்துலில்லாஹ். தொலைபேசியின் இருமுனையிலும் சிறிது நேரம் பேச்சில்லை.

கொள்கலன் முறையின் அருமையை அன்றுதான் நாங்கள் முழுமையாக உணர்ந்தோம். இந்த வேலையை நேரடியாக ஒரே தரவுத்தளத்தில் செய்திருந்தால், ஒவ்வோர் அடியிலும் கை நடுங்கியிருக்கும். தற்காலிகக் கொள்கலன்களை நான்கு முறை உருவாக்கி நான்கு முறை அழித்தோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மூலப்பிரதி தொடப்படாமல் ஓரமாக இருந்தது. கொள்கலன் முறையை வேண்டாத சிக்கல் என்று ஒதுக்குவோர் சிலரை நாங்கள் அறிவோம். ஒரேயொரு சிறு தளத்துக்கு இது மிகை என்று அவர்கள் கூறுவதில் பாதி உண்மையும் உண்டு. ஆயினும், இழந்தால் திரும்பப் பெற முடியாத ஒன்றைக் கையில் வைத்திருப்பவருக்கு, பயமின்றிச் சோதித்துப் பார்க்க ஓர் இடம் கிடைப்பது சிறிய உதவியன்று.

மற்றவை விரைவாகவே முடிந்தன. பழைய தளத்துப் படங்களை நகலெடுத்தபோது அவற்றின் உரிமையாளர் எண் வேறாக இருந்தது. கொள்கலனுக்குள் வேர்ட்பிரஸ் இயங்குவது 33ஆம் எண் பயனராக. உரிமையை மாற்றிக்கொடுத்த பின்னரே புதிய படங்களை ஏற்ற முடிந்தது. கடிதங்களின் வருடுபடங்கள் ஆறு ஏழு மெகாபைட் அளவின. பிஎச்பியின் இயல்பு வரம்போ இரண்டு. சிறு அமைப்புக் கோப்பு ஒன்றை உள்ளே இணைத்து வரம்பை உயர்த்தினோம். அரபுத்தமிழில் ட, ண, ள போன்ற ஒலிகளுக்காக அரபு எழுத்துகளின்மேல் கூடுதல் குறியிட்டு எழுதுவார்கள். சாதாரண அரபு விசைப்பலகையில் அவை இல்லை. ஆகவே மூல எழுத்துக்கு வருடுபடம், அதன் கீழே தமிழ் வாசகம் என்ற வாப்பாவின் பழைய முறையையே வைத்துக்கொண்டோம். இடையிடையே வரும் துஆக்களை மட்டும், வலமிருந்து இடமாக ஓடும் தனிப்பத்திகளாக அரபியில் இட்டோம். பழைய தளம் மூடப்படுவதற்கு ஆறு நாட்கள் முன்னதாகத் தள முகவரியைப் புதிய வழங்கிக்குத் திருப்பினோம்.

வாப்பாவுக்குத் தளத்தில் 'தொகுப்பாளர்' தகுதி தந்திருக்கிறோம். கடிதங்களை எழுதவும் திருத்தவும் வெளியிடவும் அதில் முடியும். செருகுநிரல்களை நீக்கவோ தளத்தின் அமைப்பைக் கலைக்கவோ முடியாது. எழுதும் திரையில் எழுத்தின் அளவை ஏறத்தாழ இரு மடங்காக்கினோம். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து அவர் கண்ணுக்கு இதமாக இருக்கிறது. அதையும் வாசிக்க இயலாத நாட்களில் கைப்பேசியிடம் சொல்கிறார், அது எழுதிக்கொள்கிறது. எங்கள் ஊர்ப் பெயர்களையும் அரபுச் சொற்களையும் அது கேட்டு எழுதுவது சிரிப்புக்குரியது. இரவில் சென்னையிலிருந்து மகள் திருத்திவிடுவார். பெருக்குகண்ணாடியைக் கையில் பிடித்துக் கடிதத்தை வாய்விட்டு வாசிப்பதும், வாசித்ததையே கருவி எழுதிக்கொள்வதுமாக வேலை நடக்கிறது. முன்பு ஒரு கடிதத்துக்கு மூன்று வாரம் பிடித்தது. இப்போது ஒரு வாரம் போதுமாயிருக்கிறது.

காப்புப்பிரதி பற்றி ஒரு வார்த்தை. இரவு இரண்டு மணிக்கு வழங்கி தானே தரவுத்தளத்தைப் பிரதியெடுத்துச் சுருக்கி, படங்களோடு சேர்த்து வேறொரு நிறுவனத்தின் சேமிப்பிடத்துக்கு அனுப்புகிறது. வெள்ளிதோறும் ஒரு பிரதி சென்னை வீட்டு வட்டுக்கு வருகிறது. மாதம் ஒருமுறை அப்பிரதியை மடிக்கணினியில் ஒரு புதுக் கொள்கலனில் ஏற்றி, ஏதேனும் ஒரு கடிதத்தைத் திறந்து வாசித்துப் பார்க்கிறோம். திறந்து பார்க்காத பிரதியைப் பிரதி என்று நாங்கள் கணக்கில் கொள்வதில்லை. கடவுச்சொற்களையும், தளத்தை மறுபடியும் நிறுத்தும் முறையையும் இரண்டு பக்கங்களில் தமிழில் எழுதி, ஓர் உறையிலிட்டு உம்மாவின் அலமாரியில் வீட்டுப் பத்திரங்களோடு வைத்திருக்கிறோம்.

பதினேழு வரைவுகளில் இதுவரை பதினொன்று வெளியாகிவிட்டன. சென்ற மாதம் ஏற்றிய கடிதம் போர்க்காலத்தில் எழுதப்பட்டது. அரிசிப் பங்கீடு பற்றியும் கடைச் சரக்கு பற்றியும் பேசுவது. அதில் ஒரு சொல்லின்மேல் மை பரவியிருந்தது. எவ்வளவு முயன்றும் வாப்பாவால் வாசிக்க இயலவில்லை. அடைப்புக்குறிக்குள் 'தெளிவில்லை' என்று போடச் சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் கொழும்பிலிருந்து மாமி அழைத்தார். பேரன் கைப்பேசியில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினானாம். "அது கிட்டங்கி, காக்கா. நம்ம வாப்பா கடைக்குப் பின்னால இருந்துதே, அந்தக் கிட்டங்கி" என்றார். வாப்பா பெருக்குகண்ணாடியை எடுத்து அந்த இடத்தை மறுபடியும் பார்த்தார். "ஆமா, கிட்டங்கிதான்" என்று சொல்லி, தாமே திரையைத் தொட்டு அடைப்புக்குறியை நீக்கினார்.